உன் அம்மா தீபத்தன்று சாகவில்லை

பாப்பா,

நேற்று சாயங்காலம் உங்கள் வண்டி செங்கம் ரோட்டில் திரும்பினதும் நான் உள்ளே வந்து பாலை அடுப்பில் வைத்தேன். வைத்தது ஞாபகம் இருக்கிறது. அது பொங்கி வழிந்து, அடுப்பு அணைந்து, வீடெல்லாம் கேஸ் நாற்றம் அடித்ததுதான் எனக்குத் தெரியவில்லை. பின் ரூமில் வாடகைக்கு இருக்கிற ஜெர்மன்காரம்மா ஓடி வந்து, "அப்பா, கேஸ், கேஸ்!" என்று கத்தி, அவரே அடுப்பை மூடி, ஜன்னலைத் திறந்து, என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். என்ன ஆச்சு என்று அவர் பாஷையில் கேட்டார். உனக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். நீ "சொல்லுங்கப்பா" என்பாய், நான் "சாப்பிட்டியா" என்பேன், அதோடு முடிந்துவிடும். நம் வீட்டில் போன் அதற்கு மேல் இப்போதெல்லாம் எங்கே பேசுகிறது? அதனால்தான் எழுதுகிறேன். இரண்டு நாவல் எழுதினவளுக்கு நான் எழுதுவது கொஞ்சம் ஓவர்தான். பிழை இருந்தால் திருத்திக்கொள். ஆனால் கடைசி வரைக்கும் படி, உங்கள் படப் பூஜைக்கு முன்னால் படி. பூஜை போட்டுவிட்டால் அதற்கப்புறம் கதையில் கை வைக்க மாட்டோம் என்று உன் டைரக்டர் தம்பி சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அதில் கை வைக்க வேண்டியிருக்கிறது. உன் அம்மா சாகிற காட்சியில்.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் முப்பது வருஷம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டினவன் நான். மனுப் போட வருகிறவர்கள் எப்படியெல்லாம் பொய் சொல்வார்கள் என்று பார்த்தவன். அண்ணன் உயிரோடு இருக்கும்போதே செத்துவிட்டான் என்று சொன்னவனைப் பார்த்திருக்கிறேன். அதனால் பொய்யைக் கேட்டு நான் சாதாரணமாக ஆடிப்போகிற ஆள் இல்லை. ஆனால் நேற்று என் சொந்த வீட்டு மாடியில், என் மகள், அப்பன் அம்மாவைச் சாக விட்டான் என்று ஒரு முன்பின் தெரியாத மனிதரிடம் சொன்னாள். அவர் "நெஜமாவாம்மா?" என்று கேட்டார். அவள் "ஆமா சார்" என்றாள். படிக்கட்டில் டீ பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த எனக்கு, பாப்பா, சத்தியமாகச் சொல்கிறேன், அது உன் குரல்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நீதான்.

கோபத்தை மட்டும் எழுதினால் நீ இரண்டாம் பக்கத்தில் மடித்து வைத்துவிடுவாய், அது எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் முன்னால் போகிறேன். நீ தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த காலம். சாப்பாட்டு மேஜையை ஆக்கிரமித்துக்கொண்டு முதல் நாவலை எழுதினாய். எழுதினதை விட அடித்ததுதான் ஜாஸ்தி. உன் அம்மா சாம்பார் பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே நிற்பாள். "இன்னாடி, கதை ஆயிடுச்சா, ரசம் ஆறுது" என்பாள். அந்த நாவலில் எதிர் வீட்டம்மாவை நீ அப்படியே எழுதிவிட்டாய். அவர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நம் கூடத்தில் உட்கார்ந்து அழுதார். உன் அம்மா உன்னிடம் கெஞ்சினாள், அடுத்த தடவை அச்சடிக்கும்போது அந்த இடத்தை எடுத்துவிடு என்று. நீ ஒரே வார்த்தை கேட்டாய்: "நடந்ததுதானேம்மா?" அடுத்த தடவை என்று ஒன்று வரவேயில்லை, மிச்சப் புத்தகங்கள் இன்னும் கட்டிலுக்கடியில்தான் கிடக்கின்றன, அது வேறு விஷயம்.

இரண்டாவது நாவலுக்கு நீ எடுத்துக்கொண்ட வருஷங்களில் மற்றவர் வீட்டுப் பெண்கள் கல்யாணம் முடித்துப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் நான் "எழுதுது" என்பேன், ஏதோ காய்ச்சலில் கிடக்கிறாய் என்பதுபோல. அதில் நம் சொந்த ஊர் ஏரி மதகில் ஒருவன் உட்கார்ந்து மலையைப் பார்க்கிற மாதிரி ஒரு இடம் எழுதியிருந்தாய். மதகிலிருந்து அண்ணாமலை உச்சி தெரியுமா என்று என்னைக் கேட்டாய். நான் பிறந்து வளர்ந்த ஊர், தெரியும் என்று அடித்துச் சொன்னேன். மறுநாள் காலையில் நீ பஸ் ஏறிப் போய்விட்டாய். மத்தியானம் வெயிலில் கறுத்துத் திரும்பி வந்து, "தெரியாதுப்பா, பனைமரம் மறைக்குது" என்றாய். அன்றைக்கே அந்தப் பக்கங்களைக் கிழித்தாய். உன் அம்மாவுக்கு வந்ததே ஆத்திரம். "ஒரு மலையைப் பாக்க ஒரு நாள் பூரா பஸ்ஸா? நம்ம மொட்டை மாடில நின்னா மூஞ்சிக்கு நேரா தெரியுது. அதையே எழுதிட்டுப் போயேண்டி." நீ சிரித்தாய். "அங்கேர்ந்து தெரியாததைத் தெரியுதுன்னு எழுதினா, அந்த ஊர்க்காரன் ஒருத்தனாவது புஸ்தகத்தை மூடி வெச்சிடுவாம்மா." நான் அதை ஆபீசில் போய்ச் சொல்லாத ஆள் இல்லை. என் மகள் அப்படிப்பட்டவள் என்று எனக்கு அவ்வளவு கர்வம்.

அந்த நாவலுக்குச் சென்னையில் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். உன் அம்மா அந்தச் சால்வையை டிவிக்குப் போர்த்தினாள். அதற்கப்புறம்தான் ஒரு டைரக்டர் புத்தகத்தைப் படித்துவிட்டு உனக்குப் போன் செய்தார். நீ வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனாய். எனக்குப் பிடிக்கவில்லை, உனக்கே தெரியும், முகத்தை ஒரு வாரம் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். உன் அம்மாவுக்கு மட்டும் தலைகால் புரியவில்லை. நீ வேலை செய்த முதல் படம் வந்தபோது இரண்டு பேரும் தியேட்டருக்குப் போனோம். ஆரம்பத்தில் உன் பேரைத் தேடினோம், இல்லை. கடைசியில் வரும் என்று உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள், பேர்கள் எறும்பு மாதிரி மேலே ஓடிக்கொண்டிருந்தன, பெருக்குகிறவர் துடைப்பத்தோடு எங்கள் வரிசைக்கே வந்துவிட்டார். "இன்னும் இருக்குதுங்க, எங்க பொண்ணு பேரு வரணும்" என்று அவரையும் நிறுத்தி வைத்தாள். வரவில்லை. வெளியே வந்ததும் என்னைத் திட்டினாள்: "சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. கண்ணாடியை மாத்துய்யான்னா கேக்கறியா?"

அன்றைக்கு நீ போனில் எனக்குப் பொறுமையாக விளக்கினாய். கதை டிஸ்கஷனில் இருப்பவர்களுக்கெல்லாம் பேர் வராது, ஒரு அறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து ஒருவர் சொல்கிற கதையை மற்றவர்கள் உடைக்க வேண்டும், உடைத்து உடைத்து நிற்பதுதான் காட்சி என்று. "நாவல் எழுதும்போது தனியா இருந்தேன்பா. யாரு படிச்சாங்க, இன்னா நினைச்சாங்கன்னே தெரியாது. இங்க சொல்லும்போதே எதிர்ல இருக்கறவன் சிரிக்கறானா, அழறானான்னு தெரிஞ்சுடுது." அந்த வார்த்தைக்குப் பிறகு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஏழு வருஷம் எழுதி ஒரு சால்வையும் நாலு பேர் பாராட்டும்தான் கிடைத்தது. மனிதர் முகம் பார்க்க ஆசைப்பட்டது தப்பே இல்லை. நீ சினிமாவுக்குப் போனதை நான் இந்தக் கடிதத்தில் எங்கேயும் குறை சொல்லவில்லை, அப்படிப் படித்துவிடாதே.

அப்புறம் உன் அம்மா போய்விட்டாள். அதற்கப்புறம் நீ நாவலைப் பற்றிப் பேசுவதே இல்லை. மூன்றாவது நாவல் என்ன ஆச்சு என்று ஒருமுறை கேட்டேன், "நேரம் இல்லப்பா" என்றாய். வேறொரு படத்துக்கு வசனம் எழுதினாய், அதில் பேர் வந்தது, ஆனால் அதைக் காட்டப் பக்கத்து சீட்டில் எனக்கு ஆள் இல்லை. போன மாசம் நீயே கூப்பிட்டு, இது என் சொந்தக் கதை, டைரக்டருக்குப் பிடித்துவிட்டது, தயாரிப்பாளர் மட்டும் கேட்டு ஓகே சொல்ல வேண்டும், பௌர்ணமிக்கு எல்லோரும் கிரிவலம் வருகிறார்கள், நம் மாடியில் உட்காரலாமா என்று கேட்டாய். கேட்பதற்கு என்ன இருக்கிறது? மேல் ரூமில் இருந்தவர்களை வேறு இடம் பார்த்து அனுப்பினேன். மெத்தையை வெயிலில் போட்டேன். நான்கு நாள் நீங்கள் அங்கே உட்கார்ந்து பேசுவதும், சிரிப்பதும், யாரோ ஒருவர் குறுக்கும் நெடுக்கும் நடப்பதும் கீழே எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் போன பிறகு இந்த வீட்டில் அத்தனை சத்தம் கேட்டதில்லை. என்ன கதை என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. நாவல் எழுதும்போதும் நீ முடிக்கிற வரை சொல்ல மாட்டாய், அப்படித்தான் இதுவும் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று மத்தியானம் தயாரிப்பாளர் வந்தார். நல்ல உயரம், நெற்றி நிறைய விபூதி, கிரிவலம் சுற்றின கால் வலியோடு வந்தார். நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு ஏறினால், அசிஸ்டெண்ட் பையன் கதவு வாசலில் கை நீட்டி மறித்தான். "ஐயா, நேரேஷன் ஆரம்பிச்சிட்டாங்க. நடுவுல யாரும் உள்ள போகக் கூடாது. கொஞ்சம் உக்காருங்க." அவன் கையில் நம் வீட்டு எவர்சில்வர் தட்டு. அதில் எல்லோருடைய போனும். அணைத்துக் கவிழ்த்து வைத்திருந்தான், உன்னுடையதும் இருந்தது. "கதை சொல்லும்போது ஒரு போன் அடிச்சாலும் மூடு போயிடும் ஐயா, இதுதான் வழக்கம்" என்றான். சரி என்று மேல் படியில் உட்கார்ந்தேன். ஜன்னல் திறந்திருந்தது.

முதலில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நீ உன் அம்மாவாகப் பேச ஆரம்பித்தாய். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மேடை ஏறச் சொன்னால் காய்ச்சல் வரவழைத்துக்கொள்கிற பெண் நீ. நாவலை நாலு பேர் முன்னால் படிக்கச் சொன்னால் குரல் நடுங்கும். அந்த நீ, எழுந்து நின்று, இடுப்பில் கையை வைத்து, "ஃபேனைக் கம்மி பண்ணும்மா, கரண்டு உங்க ஊர்லேர்ந்தா வருது?" என்று வெள்ளைக்காரியை அவள் அதட்டுகிற அதே அதட்டலை அதட்டினாய். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். படியில் நானும் சிரித்தேன். அவள் அந்த அறைக்குள் இருக்கிறாள் என்றே ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் நீ தீபத்துக்கு வந்தாய். தீபத்தன்று மாடி முழுக்க ஆட்கள். உச்சியில் ஏற்றுவதைப் பார்க்க வந்த விருந்தாளிகள். புருஷன்காரன் அவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டு, பொரி உருண்டை கொடுத்துக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். கீழே உள்ளறையில் அவளுக்கு மூச்சு வாங்குகிறது. கூப்பிடுகிறாள். அவன் காதில் விழுகிறது. நீ அங்கே கொஞ்சம் நிறுத்தினாய். அப்புறம் என் குரலில், பாப்பா, என் குரலில், "தீபம் ஏத்தட்டும், வர்றேன்" என்றாய். மறுபடி கூப்பிடுகிறாள். அவன் மலையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். தீபம் ஏறுகிறது, ஊரே அரோகரா என்று அலறுகிறது, அந்தச் சத்தத்தில் அவள் கூப்பிடுவது கேட்காமல் போகிறது, வாசல் பக்கம் நீட்டின கை அப்படியே விழுகிறது. நீ அந்த அழுகையை அழுது காட்டினாய், மூச்சு இழுத்து இழுத்து. பிளாஸ்க் என் கையில் இருந்ததா கீழே இருந்ததா தெரியாது. நீ மூக்கை உறிஞ்சிவிட்டு, உடனே சாதாரணக் குரலில், "இங்க இண்டர்வல் சார்" என்றாய்.

தயாரிப்பாளர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது நெஜமாவே நடந்ததாம்மா? நெஜம்னா போஸ்டர்லயே உண்மைச் சம்பவம்னு போடலாம். நெஜம்னா நான் இன்னிக்கே ஓகே." நீ உடனே சொல்லிவிடவில்லை. தயங்கினாய், அதை நான் கேட்டேன், அதற்காக உனக்கு நன்றிகூடச் சொல்வேன். ஆனால் சொன்னாய். "ஆமா சார். எங்க வீட்ல நடந்ததுதான்." நாவலில் எல்லாம் முதல் பக்கத்தில் கற்பனை என்று போட்டுவிட்டு, உள்ளே ஒரு பனைமரம்கூடப் பொய்யாக இருக்கக் கூடாது என்று பஸ் ஏறினவள் நீ. இங்கே உண்மை என்று போட்டுவிட்டு உள்ளே என்ன வைத்தாய்? ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குப் போகிறவர்கள் பழைய வேலையிலிருந்து ஒரு நல்ல பழக்கத்தையாவது கூட எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று உனக்குச் சொல்ல நினைக்கிறேன். இதற்கு நீ பஸ்கூட ஏற வேண்டியதில்லை. படி இறங்கி வந்து என்னைக் கேட்டிருந்தால் போதும்.

கதவைத் திறந்துகொண்டு அவர் முதலில் வெளியே வந்தார். படியில் என்னைப் பார்த்ததும் டைரக்டர் தம்பி, "சார், இவங்கதான் அப்பா" என்றார். அந்த மனிதர் குனிந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. "ஐயா, தப்பு எல்லாரும் பண்றதுதான். ஆனா பொண்ணு அதைக் கதையா சொல்றதுக்கு வுட்டீங்க பாருங்க, அதுக்குப் பெரிய மனசு வேணும். பாட்டு வெளியீட்டு விழாவுல நீங்க மேடைக்கு வரணும். நாலு வார்த்தை போதும். அந்தப் புருஷன் நான்தான்னு நீங்க சொன்னீங்கன்னா சனம் எழுந்து நின்னு கை தட்டும்." அப்புறம் என் முகத்தைப் பார்த்து என்னவோ தோன்றியிருக்க வேண்டும். பிடியைத் தளர்த்தாமல் கேட்டார்: "நீங்கதானே ஐயா அது?"

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. பொய்ங்க, எல்லாம் பொய், அவளை நான் ஒரு நாளும் அப்படி விட்டதில்லை என்று கத்த இருந்தேன். அவருக்குப் பின்னால் நீ நின்றாய். நீ அவரைப் பார்க்கவில்லை, டைரக்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய். படம் கை விட்டுப் போய்விடுமோ என்கிற பயம் இல்லை அது, அந்தப் பயம் எனக்குத் தெரியும். வேறு என்னவோ. அதைப் பார்த்துக்கொண்டே நான், "ஆமாங்க. நான்தான்" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே அதிர்ச்சி. அவர் என் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டார். "படம் ஓகே" என்று திரும்பிச் சொன்னார். எல்லோரும் உனக்குக் கை கொடுத்தார்கள். நீ கொடுத்த கையைத் திருப்பி வாங்கிக்கொள்ள மறந்து நின்றாய். கிளம்பும்போது, "அப்பா, அப்புறம் பேசறேன்" என்று மட்டும் சொன்னாய்.

உன் மாமன் இதைக் கேட்டால் என்ன செய்வான் என்று யோசித்துப் பார். உன் அம்மா போன அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவன் அவன். மேடையில் நான் இப்படிச் சொன்னேன் என்று தெரிந்தால் ஊரிலிருந்து டிராக்டரிலேயே வந்து என் சட்டையைப் பிடிப்பான். எதிர் வீட்டம்மா இனி என்னைப் பார்த்தால் எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரியவில்லை. இதையெல்லாம் நினைத்து நினைத்து உன் மேல் கொதித்துக்கொண்டேதான் மாடியைப் பெருக்கப் போனேன். டீ டம்ளர்களைப் பொறுக்கி அந்தத் தட்டில் அடுக்கினேன், போன் வைத்திருந்த தட்டு. கழுவுவதற்காகக் கீழே கொண்டுவந்து குழாயைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கூப்பிட்டும் வராத ஆளை நீ எங்கே இருந்து எடுத்தாய் என்று. அவள் போன அன்றைக்கும் நீ சென்னையில் இப்படி ஒரு அறையில்தான் இருந்தாய். முதன்முதலாக ஒரு பெரிய இடத்தில் கதை சொல்கிற நாள். உன் போன் இப்படி ஒரு தட்டில்தான் இருந்திருக்கும். வெளியே வந்து திறந்து பார்த்திருப்பாய், வரிசையாக நம் வீட்டு செல் நம்பர், அம்மாவுக்கும் எனக்கும் பொதுவாக இருந்த ஒரே செல். குழாயை மூட மறந்து அப்படியே நின்றேன். பாப்பா, நீ என்னைப் பற்றி எழுதவேயில்லை. உன்னை எழுதி, அதற்கு என் வேட்டியைக் கட்டிவிட்டிருக்கிறாய்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று நீ என்னைக் கேட்கவில்லை. விடியக்காலை வந்து ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், காரியம் முடிந்ததும் கிளம்பிவிட்டாய். நெஞ்சு வலி என்று யாரோ சொன்னார்கள், அதோடு சரி. கேட்க உனக்குத் தைரியம் வரவில்லை என்று இப்போது புரிகிறது. நீ கேட்காமல் நானாக எப்படிச் சொல்வது என்று நானும் இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். தீபமெல்லாம் முடிந்து, கூட்டம் வடிந்து, ஊர் காலியாகக் கிடந்த ஒரு மத்தியானம். மலையில் மேகம் மூடியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. அவள் மாடியில் ரூம் பெட்ஷீட்டுகளை உலர்த்திக்கொண்டு, ஜெர்மன்காரம்மாவோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், ரசத்தில் மிளகு ஜாஸ்தி என்று அவர் சொல்லிவிட்டாராம். கீழே இறங்கி வந்து, "ஒரு மாதிரி இருக்குதுய்யா, சோடா வாங்கியா" என்றாள். முகம் வேர்த்திருந்தது. நான் சோடாவுக்குப் போகவில்லை, ஆட்டோவுக்கு ஓடினேன். நானும் ஜெர்மன்காரம்மாவும் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றி, கூடவே ஏறிக்கொண்டோம். "நடக்கத் தெரியாதா எனக்கு, வுடுங்க" என்று திட்டிக்கொண்டேதான் ஏறினாள்.

ஆட்டோவில் நான் உனக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். அவள் என் கையைத் தட்டினாள். "எதுக்குய்யா அவளுக்குப் போடற? இன்னிக்குப் பெரிய ஆளுங்க முன்னாடி கதை சொல்றான்னு காலைல சொன்னா இல்ல? நடுவுல அடிச்சா பாதில வுட்டுட்டு ஓடியாந்துடும். முடிச்சிட்டு அதுவே பேசும், வுடு." அப்புறம் ஆட்டோக்காரரைப் பள்ளம் பார்த்து ஓட்டச் சொன்னாள். மழை வந்தால் பெட்ஷீட்டை எடுக்கணும் என்று ஜெர்மன்காரம்மாவிடம் தமிழிலேயே சொன்னாள். அவர் புரிந்த மாதிரி தலையாட்டினார். அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். பெரியாஸ்பத்திரி வாசல் திரும்பும்போது தலை கனத்துவிட்டது என்று அவர்தான் முதலில் சொன்னார். அவ்வளவுதான். யாரும் வராமல் போகவில்லை. அவள் யாருக்காகவும் கையை நீட்டவில்லை. அவள் சொல்லியும் கேட்காமல், பயத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மறுபடி மறுபடி உனக்குப் போன் போட்டவன் நான். நீ பார்த்த மிஸ்டு கால் அத்தனையும் என் பயம்.

மேடைக்கு வருகிறேன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, அந்தப் புருஷன் நான்தான் என்று சொல்கிறேன். உண்மைச் சம்பவம் என்று போஸ்டரில் போடு, அப்பனைக் கெட்டவனாக்கு, கல்நெஞ்சக்காரனாக்கு. உன் மாமனை நான் சமாளித்துக்கொள்கிறேன். நீ செய்தது தப்பு என்று நினைக்கிறேன், அதை நினைப்பதை விட மாட்டேன், ஆனால் என்னைக் கொடுத்துவிட்டேன், திருப்பிக் கேட்க மாட்டேன். ஒன்றை மட்டும் மாற்றிவிடு. அதை எடுத்தால் இண்டர்வல் நிற்காது என்று உன் டைரக்டர் சொல்வார், சொல்லட்டும், ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து வேறு ஏதாவது உடைத்துக் கண்டுபிடியுங்கள். அவள் கூப்பிடுகிற அந்த வசனத்தை எடுத்துவிடு, பாப்பா. படத்துக்காகச் சொல்லவில்லை. அதை நீ இன்னும் எத்தனை அறைகளில் எழுந்து நின்று, அவள் குரலில் கூப்பிட்டு, அழுது காட்டப் போகிறாய்? அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டது நான். அவள் உன்னைக் கூப்பிடவேயில்லை.

அப்பா